ஞாயிற்றுக்கிழமை எங்கேப்பா போறோம்?

இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, தோளில் ஒரு பை. சின்னப் பிள்ளைகளோடு வெளியே கிளம்பும் குடும்பங்கள் படும் பாடும், ஊர் அவர்களுக்குச் செய்யாமல் விட்டதும்... ஒரு ரவுண்ட் அப்!

ஞாயிறு மாலை ஐந்தே கால். அடையாறு, மத்திய கைலாஷ் சிக்னல். சிவப்பு விளக்கில் தேங்கி நிற்கும் வண்டிகளுக்கு நடுவே ஒரு பைக். அப்பாவின் தலையில் ஹெல்மெட். பெட்ரோல் டேங்க் மேல் மூன்று வயதுப் பையன். இரண்டு கையாலும் கண்ணாடிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, வண்டியைத் தானே ஓட்டுகிற தோரணை. பின்னால் அம்மா, துப்பட்டாவைச் சுருட்டிச் செருகியபடி, மடியில் பெரிய பையோடு.

"பீச் வந்துருச்சாப்பா?"

"இதோ வந்துருச்சுடா."

கிண்டியில் கேட்ட அதே கேள்வி, சொன்ன அதே பதில். இப்போது பையன் லேசாக நெளிகிறான். "அம்மா... உச்சா."

விளக்கு பச்சைக்கு மாறுகிறது. பின்னாலிருந்து ஹாரன். அப்பா திரும்பிப் பார்க்கிறார். அம்மா சாலையின் இரண்டு பக்கமும் பார்க்கிறார். பெட்ரோல் பங்க் ஏதாவது? ஹோட்டல்? ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சுவராவது?

'பிள்ளையை எங்கே கூட்டிக்கிட்டுப் போறது?' இளம் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வெள்ளிக்கிழமையே இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. ஆளாளுக்கு ஒரு இடம் சொல்கிறார்கள். ரீல்ஸ்கள் பட்டியல் போடுகின்றன. ஆனால், போய்விட்டுத் திரும்பியவர்களிடம் 'எப்படி இருந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். இடத்தைப் பற்றிய பேச்சு இரண்டு வரியில் முடிந்துவிடும். மீதி முழுக்க வழி, வெயில், கழிப்பறை, பசி, தூக்கம்தான். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு போகிற பயணத்தைத் தீர்மானிப்பவை இவைதான். இவற்றைப் பற்றித்தான் யாரும் பட்டியல் போடுவதில்லை.

டேங்க் மேல் ராஜா

கார் இல்லாத குடும்பத்துக்குப் பைக்தான் எல்லாம். போகும்போது பிரச்னை இல்லை. பிள்ளை உற்சாகமாக உட்கார்ந்திருக்கும். திரும்பும்போதுதான் கண்டம். காற்று முகத்தில் பட்டதும் தூக்கம் சொக்கும். தலை ஒரு பக்கம் சாயும். அப்பாவின் இடது கை பிள்ளையை அணைக்க, வலது கை ஆக்ஸிலரேட்டரில். கிளட்சுக்குக் கை கிடையாது. இரவு ஒன்பது மணிக்கு நம் சாலைகளில் இப்படி எத்தனை வண்டிகள் போகின்றன என்பதைப் பார்க்காதவர்கள் இல்லை.

முன்னால் உட்கார வைப்பது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். 'கண் முன்னாடியே இருக்கான்ல?' என்பது வாதம். திடீரென பிரேக் பிடித்தால் பிள்ளையின் நெற்றி மோதுவது ஸ்பீடோமீட்டரிலும் ஹேண்டில்பாரிலும்; பின்னாலிருந்து சாய்வது அப்பாவின் மொத்த எடை. பிள்ளையைப் பெரியவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை ஆன்லைனில் கிடைக்கிறது. ஒரு மால் பயணத்தின் செலவைவிடக் குறைவு. ஆனால், பிறந்தநாளுக்கு பேட்டரி கார் வாங்கித் தருகிற மாமாக்களில் எவருக்கும் இந்தப் பட்டை ஞாபகம் வருவதில்லை.

■ பைக்கில் பிள்ளை: விதி என்ன?
* மத்திய அரசு 2022 பிப்ரவரியில் அறிவித்த விதி, 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது.
* நாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை கட்டாயம். அது 30 கிலோ எடையைத் தாங்க வேண்டும்.
* 9 மாதம் முதல் 4 வயது வரை, தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். தரச்சான்று பெற்ற சைக்கிள் ஹெல்மெட்டும் செல்லும்.
* பிள்ளை இருக்கும்போது வேகம் 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது.
* நாலு வயதைத் தாண்டினால் பெரியவர்களுக்கு உள்ள அதே ஹெல்மெட் சட்டம்தான்.
* காரில் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம்.

ஜன்னல் ஓர சீட்

பெரியவர்களுக்கு பஸ் என்பது போய்ச் சேர ஒரு வழி. மூன்று வயதுக்கு பஸ்ஸே சுற்றுலா. கண்டக்டரின் விசில், கையில் ஒட்டும் டிக்கெட், ஜன்னல் வழியாகத் தெரியும் ஜே.சி.பி... இறங்கச் சொன்னால்தான் அழுகை.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு யோகம்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம் என்று 2022-ல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் மூன்று வயதுதான் வரம்பு. ஆக, அம்மாவும் பிள்ளையும் சல்லிக்காசு செலவில்லாமல் ஊரைச் சுற்றலாம். காசு கொடுக்க வேண்டியவர் அப்பா மட்டும். ரயிலில், தனி பெர்த் கேட்காத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கட்டணமில்லை. சென்னை மெட்ரோவில் வயதுக் கணக்கு கிடையாது, உயரக் கணக்கு: 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம்.

எங்கள் சிபாரிசு, கடற்கரை-வேளச்சேரி பறக்கும் ரயில். பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி, வீட்டு மொட்டைமாடிகளின் உயரத்தில் போகிறது. கொடியில் காயும் துணி, மாடியில் புறா வளர்ப்பவர், கீழே எறும்பு மாதிரி ஆட்டோக்கள் எல்லாம் பிள்ளையின் கண்மட்டத்திலேயே ஓடும். கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் மெரினா நடக்கிற தூரம்தான்.

சிக்கல் அந்த 'நடக்கிற தூர'த்தில் இருக்கிறது. பிள்ளையை வைத்துத் தள்ளும் வண்டியை ஆசையாக வாங்கிவிட்டு பரணில் போட்டிருக்கும் வீடுகள் எத்தனை! காரணம், நம் நடைபாதை. பத்தடிக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர், திறந்த மூடி, ஏறி நிற்கும் பைக். 2019-ல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தபோது முதலில் வந்து குவிந்தவர்கள் தாத்தா பாட்டிகளும் வண்டி தள்ளும் அம்மாக்களும்தான். கடைத் தெரு என்றாலும் தள்ளுவண்டி தடையில்லாமல் உருண்டது, அவ்வளவுதான் ரகசியம். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் அலை வரைக்கும் மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பிய்த்தெறிந்தது, பிறகு சரிசெய்தார்கள். சக்கர நாற்காலிக்குப் போட்ட பாதை பிள்ளை வண்டிக்கும் பாதை. இது அதிகாரிகளுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

புலி தூங்குகிறது

இந்தியாவின் முதல் பொது உயிரியல் பூங்கா சென்னையில்தான் பிறந்தது. 1855-ல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, பிறகு சென்ட்ரல் பக்கம் இடம் மாறி, 1985-ல் வண்டலூரில் செட்டிலானது. இன்று அதன் பரப்பு 602 ஹெக்டேர். விலங்குகளுக்கு நல்லது. மூன்று வயதுக் காலுக்கு?

பத்து மணிக்கு உள்ளே நுழையும் குடும்பத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள். முதல் கூண்டில் குரங்கு, கைதட்டல். அடுத்தது பறவைகள், பரவாயில்லை. பதினோரு மணிக்கு 'தூக்கு' என்று கை நீள்கிறது. பன்னிரண்டுக்கு புலியின் அகழி. புலி எங்கோ புதர் நிழலில் தூங்குகிறது. "அதோ பாரு, அதோ பாரு" என்று அப்பா விரலை நீட்ட, பிள்ளை பார்ப்பது தரையில் ஓடும் அணிலை. பேட்டரி வண்டிக்கு வரிசை. வரிசையில் அழுகை. நிழலைத் தேடி ஒரு மரத்தடியில் துண்டை விரித்து, தயிர்சாதம் ஊட்டி முடிப்பதற்குள் பிள்ளை தூங்கிப்போகிறது. டிக்கெட் எடுத்தது யாருக்காக?

எங்கள் தீர்ப்பு இதுதான். வண்டலூர் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அதற்குக் கீழே கிண்டி போதும். 1978-ல் தேசியப் பூங்காவான சுமார் 270 ஹெக்டேர் காட்டின் ஓரத்தில் இருக்கும் சிறுவர் பூங்கா, புதுப்பிக்கப்பட்டு 2024-ல் மறுபடி திறந்திருக்கிறது. மான் பக்கத்தில் தெரியும். ஒரு சுற்று நடந்தால் முடிந்துவிடும். முடிந்துவிடுவதுதான் அதன் பெரிய பலம்.

வெயில் நாளுக்குக் கூரையுள்ள இடம் வேண்டும் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது. குழந்தைகளுக்கென்றே ஒரு பெரிய பிரிவு. நடுவில் செயற்கை மரம். தரையில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டலாம், தலைகீழாகப் பிடித்தும் புரட்டலாம். காசு கிடையாது. மதுரைக்காரர்களுக்கு 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் அதே மாதிரி வாய்த்திருக்கிறது. திருச்சிக்காரர்களுக்கு ஸ்ரீரங்கம் பக்கத்து வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. மாமல்லபுரம் போனால், வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பெரியவர்கள் முட்டுக்கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே சறுக்குப் பாறை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சின்னப் புட்டங்கள் தேய்த்து மெருகேற்றிய பாறை அது!

■ போய் நின்று ஏமாறாதீர்கள்! வார விடுமுறை
* வண்டலூர் உயிரியல் பூங்கா: செவ்வாய்
* கிண்டி சிறுவர் பூங்கா: செவ்வாய்
* எழும்பூர் அருங்காட்சியகம்: வெள்ளி
* கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணை: திங்கள்

'அம்மா, அவசரம்!'

இனி அந்த சிக்னல் விஷயத்துக்கு வருவோம். கழிப்பறைப் பழக்கம் இப்போதுதான் பிடிபட்டிருக்கும் பிள்ளைக்கு 'அவசரம்' என்றால் இரண்டு நிமிடம். அதற்குள் இடம் கிடைக்க வேண்டும். பூங்காவில் கழிப்பறை இருக்கும், பூட்டு தொங்கும். சாவி காவலாளியிடம், காவலாளி டீக்கடையில். திறந்திருந்தால் தண்ணீர் இருக்காது. தண்ணீர் இருந்தால் தரை வழுக்கும். இந்த மூன்றையும் தாண்டி உள்ளே போனால், பழக்கமில்லாத இடத்தின் நாற்றத்தில் பிள்ளை 'வரலை' என்று வெளியே ஓடிவந்து, படியிலேயே முடித்துவைக்கும்.

ஆண் பிள்ளை என்றால் ஒரு மரத்தடி என்று சமாளிக்கிறார்கள் (அதுவும் சரியில்லைதான்). பெண் பிள்ளை என்றால்? அம்மாக்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைப்பது. தனக்கும் சேர்த்து. இதன் விலை பிறகு தெரியும். வெயிலில் தண்ணீர் குறைந்தால் சோர்வு, அடக்கிப் பழகினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல். மூன்று வயதைத் தாண்டியும் வெளியே போகும்போது மட்டும் டயப்பர் மாட்டிவிடுவதும் இதனால்தான். வீட்டில் பழக்கியதை வெளியே கலைத்து, திங்கட்கிழமை முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கிறது.

கைக்குழந்தைக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளை 2015-லேயே திறந்த மாநிலம் இது. நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது, நியாயமான பெருமைதான். ஆனால் கடற்கரையில்? பூங்காவில்? கடைத் தெருவில்? ஜவுளிக்கடையின் டிரையல் ரூமில் நின்றுகொண்டே பாலூட்டும் பெண்களைக் கடைக்காரப் பெண்களே கதவுக்கு வெளியே காவல் நின்று காப்பாற்றுகிறார்கள். டயப்பர் மாற்ற பைக் சீட்டை மேசையாக்கிக்கொள்கிறார்கள். மால்களில் அதற்கான மேசை இருந்தாலும் பெரும்பாலும் பெண்கள் கழிப்பறைக்குள்தான். அப்பாக்களுக்கு இது எத்தனை வசதியாகப் போய்விட்டது என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

ரோஸ் கலர் மயக்கம்

கடற்கரைக்குப் போய்விட்டு எதுவும் வாங்காமல் திரும்ப முடியுமா? சுண்டல், மாங்காய், சோளம், பஜ்ஜி என்று வரிசை கூப்பிடும். பிள்ளையின் கண் மட்டும் பஞ்சு மிட்டாய் மேல் இருக்கும்.

■ பஞ்சு மிட்டாய் பஞ்சாயத்து
2024 பிப்ரவரியில் புதுச்சேரி முதலில் தடை போட்டது. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மாதிரி எடுத்துச் சோதித்த பிறகு தமிழ்நாடும் அதே மாதம் 17-ம் தேதி தடை விதித்தது. காரணம், ரோடமின்-பி. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம். உணவில் சேர்க்க அனுமதியே இல்லாதது. அதே ஆண்டு, திரவ நைட்ரஜன் ஊற்றிப் புகை வரவழைக்கும் பிஸ்கட்டைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது.

கண்ணைப் பறிக்கும் ரோஸும் பச்சையும் எதில் இருந்தாலும் கை நீட்டும் முன் யோசியுங்கள். சுடச்சுட வேகும் சோளத்துக்கு பயமில்லை. மிளகாய்த்தூள் தடவாமல் கேட்டால் கடைக்கார அம்மாவே பதமாகப் பார்த்து எடுத்துத் தருவார்.

சாக்ஸுக்குத் தனிக் காசு

வெயில், தூசு, கழிப்பறை எல்லாவற்றுக்கும் ஒரே பதில் என்று பல குடும்பங்கள் மாலுக்குள் புகுந்துவிடுகின்றன. ஏசி இருக்கிறது, சுத்தமான கழிப்பறை இருக்கிறது. குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். பார்க்கிங். விளையாட்டுக் கூடத்தில் மணிக்கணக்கில் கட்டணம். வழுக்காத சாக்ஸ் போட்டால்தான் உள்ளே விடுவார்கள்; வீட்டில் நாலு ஜோடி கிடந்தாலும் அங்கேயே வாங்க வேண்டியிருக்கும். கூடப் போகிற பெரியவருக்குத் தனி டிக்கெட் கேட்கும் இடங்களும் உண்டு. வெளியே வந்ததும் ஃபுட் கோர்ட். மாதம் இரண்டு முறை போனால் பால் கணக்கை மிஞ்சிவிடும்.

பணத்தைவிட இன்னொரு நஷ்டம் பெரிது. பிள்ளை வெளியே போவது என்றால் ஏதோ வாங்குவது என்று பழகிக்கொள்கிறது. 'பார்க்குக்குப் போலாமா?' என்றால் 'அங்க என்ன வாங்கித் தருவே?' என்று கேட்கும் நாலு வயதுகள் நம் வீடுகளில் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

■ ஒரு நாளைக்கு எவ்வளவு?
உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது:
* 1 முதல் 4 வயது வரை: நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவுள்ள விளையாட்டு. 3 வயதுக்கு மேல், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும்.
* தள்ளுவண்டியிலோ உயர நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது.
* 2 வயது ஆகும் வரை திரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

பிராகாரம் என்னும் மைதானம்

இந்த 180 நிமிடத்துக்கு நம் ஊரில் முன்பே ஒரு ஏற்பாடு இருந்தது. கோயில் பிராகாரம். வண்டி வராது. செருப்பு கிடையாது, கல் தரை. ஓட நீளம், ஒளிய தூண். யானை இருந்தால் அது போனஸ். பாட்டி ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளலாம். தெரியாத மாமியும் தாத்தாவும் ஆளுக்கொரு கண் வைத்துக்கொள்வார்கள். கடைசியில் சுண்டலோ பொங்கலோ கையில் விழும். தஞ்சைப் பெரிய கோயில் புல்வெளியில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். சாமி கும்பிட வந்தவர்களைவிட, தவழ விட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகமாகத் தெரிவார்கள். ராஜராஜன் கட்டியதில் ஊர்க்காரர்களுக்குத் தினசரி பயன்படுவது இதுதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தர்காவின் முற்றமும் தேவாலயத்தின் வளாகமும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அங்கெல்லாம் சறுக்கு மரம் இல்லை, ஊஞ்சல் இல்லை. வாகனம் வராத தரை, நிழல், பக்கத்தில் மனிதர்கள். மூன்று வயதுக்கு இவ்வளவே தேவை. தெருவுக்கொரு பூங்கா கட்டும் நகராட்சிகள், இரும்புக் கம்பியில் கலர் கலராக விளையாட்டுச் சாமான் நடுவதற்கு முன் ரெண்டு வேப்பங்கன்று நட்டால் புண்ணியம். பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தச் சறுக்கில் உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும்.

பையைத் தூக்குவது யார்?

மறுபடி அந்தப் பை. அதைத் திறந்தால்: ஃபிளாஸ்க்கில் வெந்நீர், டப்பாவில் பொடி தடவாமல் நெய் தடவிய இட்லி, டயப்பர் இரண்டு, வைப்ஸ், மணலில் புரண்டால் மாற்ற ஒரு செட், தண்ணீரில் இறங்கினால் மாற்ற இன்னொரு செட், துண்டு, காய்ச்சல் சிரப், ஈரத் துணி போட பிளாஸ்டிக் கவர், போன வாரத்துப் பாதி மேரி பிஸ்கட். இத்தனையையும் எடுத்து வைத்தவர் ஞாயிறு மதியம் தூங்கவில்லை என்று அர்த்தம். திரும்பி வந்து மணல் உதறி, துணி அலசி, ஃபிளாஸ்க் கழுவிக் கவிழ்ப்பவரும் அவரே.

மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை நிமிடத்தில் சொன்னது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97. குழந்தை, முதியோர் பராமரிப்பில் பெண்கள் 134, ஆண்கள் 76. ஞாயிற்றுக்கிழமை வெளியே போவது அப்பாவுக்கு ஓய்வு, பிள்ளைக்கு விளையாட்டு, அம்மாவுக்கு இடம் மாறிய வேலை. 'நான்தானே வண்டி ஓட்டுறேன்?' என்ற பதில் வரும். வண்டி ஓட்டுவது வேலைதான். ஆனால் பையில் எத்தனை டயப்பர் இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடிகிற அப்பாவுக்கு மட்டும்தான் அந்தப் பதிலைச் சொல்ல உரிமை உண்டு.

மாற்றமும் தெரிகிறது. ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு வரும் இளம் அப்பாக்களை இப்போது பார்க்க முடிகிறது. பை சின்னதாக இருக்கிறது. ஏதாவது ஒன்று கட்டாயம் விட்டுப்போயிருக்கும். பரவாயில்லை, பிள்ளை சந்தோஷமாகத்தான் விளையாடுகிறது. அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் ஒருவர் காபியைச் சூடாகக் குடிக்கிறார்.

கையில் ஒரு நம்பர்

கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காணும் பொங்கலன்று மெரினாவில் போலீஸார் சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். இது ஒரு நாளைக்கான ஏற்பாடாக ஏன் இருக்க வேண்டும்? தீவுத்திடல் பொருட்காட்சியோ, தேர்த் திருவிழாவோ, துணி எடுக்கப் போகும் தீபாவளித் தெருவோ, கிளம்பும்போதே பிள்ளையின் முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் நம்பரை எழுதிவிடுங்கள். பிள்ளை காணாமல் போனால் குழந்தைகள் உதவி எண் 1098, அவசர எண் 112.

அப்புறம், ஊரிடம் கேட்க வேண்டியது. நகரங்களில் 2022 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கவுன்சிலர் உட்கார்ந்திருப்பார், கூட்டம் அதிகம் இருக்காது. சாலை, சாக்கடை என்று எல்லோரும் கேட்பதைக் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: நம் பகுதிப் பூங்காவின் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை மாலை அது திறந்திருக்குமா? கூட்டம் வரைக்கும் காத்திருக்க முடியாத சென்னைவாசிகளுக்கு மாநகராட்சியின் புகார் எண் 1913.